துறையின் சாதனைப் பட்டியலை நம்பி முனைவர் படிப்பில் சேரலாமா?

அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது, அதில் ஒன்று ப்ளூமிங்டனில் இருக்கும் இண்டியானா பல்கலைக்கழகம். அது நோபல் பரிசு வாங்கிய அரசியல் அறிவியல் துறை என்கிறார்கள், இன்னொரு துறையும் ஆசிரியர்கள், மாணவர்கள் சாதனைகள் என்று நீளமாகப் பட்டியல் போட்டிருக்கிறது, இதை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பட்டியல் கனமானது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உங்கள் உண்மையான கவலை வேறு என்று நினைக்கிறேன். அந்தப் பட்டியலில் இருக்கும் பெருமையில் எவ்வளவு உங்கள் ஆறு வருட உழைப்புக்கு வந்து சேரும், சேர்வதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இதே பாடத்தில் முனைவர் பட்டம் முடித்து நீண்ட காலமாகக் கற்பித்து வருகிறேன், சேர்க்கைக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படிப் பட்டியல் தயாரிக்கும் வேலையும் செய்திருக்கிறேன். அதனால் அது எப்படி உருவாகிறது என்று தெரியும். வருடக் கடைசியில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும், பதில் அனுப்பியவர்களின் பெயர் ஏறும், அனுப்பாதவர்களின் பெயர் ஏறாது. தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படும் நல்ல ஆசிரியர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். ஆக, பட்டியலில் இருப்பது பெரும்பாலும் உண்மை. இல்லாதது நடக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முனைவர் படிப்பை மனதில் வைத்து எழுதும் பதில். இளங்கலைக்கோ, ஒன்றிரண்டு வருட முதுகலைக்கோ இதே கணக்கு பொருந்தாது, அங்கே செலவும் வேலைவாய்ப்பும்தான் முன்னால் நிற்கும்.

இண்டியானாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். அந்த நோபல் பரிசு வந்த வழியைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 2009 அக்டோபரில் பொருளாதாரத்துக்கான பரிசு எலினோர் ஆஸ்ட்ரமுக்கும் ஆலிவர் வில்லியம்சனுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் எலினோர். அவர் பட்டம் பெற்றது பொருளாதாரத்தில் இல்லை, அரசியல் அறிவியலில். பரிசு அறிவித்த அன்று அவர் பெயரைப் பல பொருளாதாரப் பேராசிரியர்களே முதல்முறையாகக் கேட்டார்கள். ஆனால் அரசியல் அறிவியல்காரர்களுக்கு அவர் புதியவர் இல்லை. 1996-97இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார், 1999இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் தரும் யோஹான் ஷூட்டே பரிசு கிடைத்தது. எங்கள் துறையில் அதைவிடப் பெரிய பரிசு என்று ஒன்றைச் சொல்வது கடினம். 2001இல் தேசிய அறிவியல் அகாதமியில் உறுப்பினரானார்.

இந்த வருடங்களைக் கவனியுங்கள். அவர் ப்ளூமிங்டன் வந்தது 1965இல். ஷூட்டே பரிசுக்கு 34 வருடம், நோபலுக்கு 44 வருடம். நீர், காடு போன்ற பொதுவளங்களை மக்கள் தாங்களே கூடி நிர்வகிப்பது பற்றிய வேலைக்காகத்தான் முக்கியமாக இந்தப் பரிசுகள் வந்தன, அந்த வேலையின் பெரும்பகுதி எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நடந்தது. சாதனைப் பட்டியலைப் படிக்கும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: பெரிய விருதுகள் அந்தத் துறையின் இருபது, முப்பது வருடப் பழைய நிலைமையைத்தான் சொல்லும். எலினோர் 2012 ஜூன் 12இல் இறந்தார், கணவர் வின்சென்ட் ஆஸ்ட்ரம் அதே மாதம் 29இல் இறந்தார். நீங்கள் போனால் அவர்கள் இருவரிடமும் படிக்கப் போவதில்லை. கேட்கவே வேண்டாத விஷயம் போலத் தோன்றும், ஆனால் 'நோபல் வாங்கிய துறை' என்று காதில் விழும்போது நம் மனம் இந்தச் சின்னக் கணக்கைப் போட மறந்துவிடுகிறது.

அப்புறம், அவர் அந்தத் துறைக்குள் எப்படி வந்தார் என்பதையும் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்து, அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1954இல் அரசியல் அறிவியல் இளங்கலை முடித்தவர். பிறகு பொருளாதாரத்தில் முனைவர் படிப்புக்குச் சேர விரும்பினார், கணிதம் போதாது என்று சேர்க்கவில்லை. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் எதற்கு என்று படிக்க விடாததன் விளைவு அது. அரசியல் அறிவியல் துறை அவரைச் சேர்த்தது. அந்த வருடம் சேர்ந்த நாற்பது பேரில் நான்கு பேர்தான் பெண்கள், அவர்களுக்கும் உதவித்தொகை கொடுத்ததற்குத் துறைக் கூட்டத்தில் சூடான வாக்குவாதமே நடந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அங்கே வின்சென்ட் நடத்திய ஒரு கருத்தரங்க வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஒரு நிலத்தடி நீர்ப் படுகையை ஒதுக்கினார்கள். எலினோருக்கு வந்தது லாஸ் ஏஞ்சலஸின் மேற்குப் படுகை. ஆளாளுக்கு நீரை இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்த இடம் அது. நீர் இறைத்தவர்கள் தாங்களே கூடிப் பேசி, நீதிமன்றம் போய், இறைப்பு அளவைக் குறைத்து, ஒரு அமைப்பை உருவாக்கிக்கொண்டதை அவர் ஆய்வேடாக எழுதி 1965இல் பட்டம் பெற்றார். ஒரு வகுப்பில் கொடுத்த பயிற்சியில்தான் நோபல் பரிசு வரை போன வேலை தொடங்கியது.

ப்ளூமிங்டனில் பேராசிரியர் பதவி கிடைத்தது வின்சென்டுக்கு. அவர் ஏற்கனவே பெயர் பெற்றவர். 1961இல் சார்லஸ் டீபூ, ராபர்ட் வாரன் இருவரோடும் சேர்ந்து, பெருநகரப் பகுதிகளில் அதிகாரம் பல மையங்களாகப் பிரிந்திருப்பது குழப்பம் என்றே ஆகிவிடாது என்று வாதிட்ட கட்டுரையை எழுதியவர். எலினோருக்கு அங்கே பதவி எதுவும் இல்லை. காலை ஏழரை மணி வகுப்பு எடுக்க ஆள் தேவைப்பட்டது, செவ்வாய், வியாழன், சனி முதலாண்டு மாணவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் பாடம் நடத்தத் தற்காலிகமாக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு முதுநிலை மாணவர்களுக்கு ஆலோசகர் வேலை, அதன் பிறகுதான் நிரந்தரப் பதவிக்கான பாதை. 1974இல் முழுப் பேராசிரியர், 1980 முதல் 1984 வரை துறைத்தலைவர். 1966இல் அந்தத் துறை ஒரு சாதனைப் பட்டியல் போட்டிருந்தால் எலினோர் பெயர் அதில் வந்திருக்காது. அந்த வருடம் அங்கே சேர்ந்த ஒரு மாணவர், எந்தப் பட்டியலைப் பார்த்தும் இப்படி ஒரு ஆசிரியர் தனக்குக் கிடைப்பார் என்று கண்டுபிடித்திருக்க முடியாது.

சரி, அப்படியானால் எதைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாம்? இதை விளக்கத்தான் காவல்துறை ஆய்வின் கதையைச் சொல்ல வேண்டும், எனக்கு இந்தக் கதை மொத்தத்திலும் மிகவும் பிடித்த பகுதி அது. 1970 வாக்கில் எலினோர் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார், அரசு தரும் சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்பது பொருள். அந்தச் சமயம் அமெரிக்கா முழுக்க ஒரு கருத்து ஓடிக்கொண்டிருந்தது: சின்னச் சின்ன ஊராட்சிகளை ஒழித்துப் பெரிய ஒரே நிர்வாகமாக்கினால் செலவு குறையும், திறமை கூடும் என்று. பக்கத்திலேயே இண்டியானாபொலிஸ் நகரத்தை அதைச் சுற்றியிருந்த மாவட்டத்தோடு இணைத்த திட்டம் 1970 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனால் ஸ்பீட்வே, பீச் க்ரோவ், லாரன்ஸ் போன்ற சிறு நகரங்கள் இணையாமல் தனியே நின்றன, தங்களுக்கென்று சின்னக் காவல்துறையும் வைத்திருந்தன. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரியான வீடுகள், ஒரே மாதிரியான வருமானம். காவல்துறை மட்டும் வேறு. மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்: உங்களுக்கு ஏதாவது குற்றம் நேர்ந்ததா, போலீசைக் கூப்பிட்டீர்களா, எவ்வளவு நேரத்தில் வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள்? பெரிய நகரத்தின் பக்கம் இருந்தவர்களைவிடச் சிறு ஊர்க்காரர்களுக்கு நல்ல சேவை கிடைத்தது தெரிந்தது.

ஒரு ஊரில் அப்படி இருந்துவிட்டால் போதுமா என்று யாரும் கேட்பார்கள், கேட்டார்கள். அடுத்து சிகாகோவின் தெற்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த இரண்டு ஏழைச் சிற்றூர்களைச் சிகாகோ நகரத்தின் மூன்று பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். நகரம் பல மடங்கு அதிகம் செலவழித்தும் சேவையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு செயின்ட் லூயிஸ், அதற்குப் பின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு 80 பெருநகரப் பகுதிகள். ரோந்து, அழைப்புக்கு ஓடி வருவது மாதிரி மக்களோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலையில் பெரிய காவல்துறை சிறந்தது என்பதற்கு எங்குமே ஆதாரம் கிடைக்கவில்லை. தடயவியல் ஆய்வகம் போன்றவற்றில் பெரிய அளவு உதவியது. இந்த ஆய்வுகளில் எலினோரோடு பெயர் சேர்ந்து வரும் ரோஜர் பார்க்ஸ், கோர்டன் விட்டேக்கர் இருவரும் மாணவர்களாகத் தொடங்கி பின்னாளில் பேராசிரியர்கள் ஆனவர்கள். முதல் ஆய்வுக்குப் பெரிய மானியம் எதுவும் இல்லை. வகுப்பறைதான் முதலீடு.

1973இல் ஆஸ்ட்ரம் தம்பதி தொடங்கிய ஆய்வு மையம் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வீடு கொடுத்தது. அரசியல் கோட்பாடு, கொள்கைப் பகுப்பாய்வுக்கான பட்டறை என்று பெயர். ஊர்த் தச்சர் ஒருவரோடு சேர்ந்து தங்கள் வீட்டு மரச்சாமான்களைத் தாங்களே செய்த தம்பதி அவர்கள், ஆய்வும் கூட நின்று செய்து பழகும் வேலை என்றே நினைத்தார்கள். திங்கட்கிழமை மதியம் கருத்தரங்கு. அரசியல் அறிவியல், பொருளாதாரம், மானிடவியல், வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள், முதல் வருட மாணவர்கள், எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். பருவக் கடைசியில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகளுக்கு ஒரு சிறு மாநாடு நடக்கும். அங்கே கட்டுரையை எழுதியவர் பேச மாட்டார், வேறொருவர் அதைப் படித்து வந்து எடுத்துச் சொல்வார், விமர்சிப்பார், எழுதியவர் அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். முனைவர் மாணவர்களுக்குப் பயிற்சி தரும் முறைகளில் இதற்கு இணையானதை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியது அடுத்தவருக்கு எப்படிப் புரிந்திருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். இது எந்தச் சாதனைப் பட்டியலிலும் ஒரு வரியாக வராது.

எண்பதுகளில் எலினோர் பொதுவளங்கள் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். உலகம் முழுக்க மானிடவியலாளர்களும் பொறியாளர்களும் வரலாற்றாசிரியர்களும் பாசனம், மீன்பிடி, காடு, மேய்ச்சல் நிலம் பற்றித் தனித்தனியாக எழுதி வைத்த ஆயிரக்கணக்கான ஆய்வுகள் சிதறிக் கிடந்தன. பட்டறையின் நூலகர் ஃபென்டன் மார்ட்டின் அவற்றைத் தேடித் தொகுத்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆய்விலும் யாருக்கு உரிமை, யார் கண்காணிக்கிறார்கள், விதியை மீறினால் என்ன தண்டனை என்று ஒரே படிவத்தில் குறித்துக்கொண்டே போனார்கள். அந்த வேலையிலிருந்து ஆய்வேடுகள் பிறந்தன. ஷுய் யான் டாங் பாசன அமைப்புகளை எடுத்துக்கொண்டார், எடெல்லா ஷ்லாகர் மீனவக் குழுக்களை எடுத்துக்கொண்டார். வில்லியம் ப்ளாம்குவிஸ்ட் தெற்குக் கலிஃபோர்னிய நிலத்தடி நீருக்கே திரும்பிப் போனார். ஆசிரியர் 1965இல் ஒரே ஒரு படுகையைப் பார்த்த இடத்தில் மாணவர் பல படுகைகளை ஒப்பிட்டு 1987இல் ஆய்வேடு முடித்தார். வாய் ஃபுங் லாம் நேபாளப் பாசன அமைப்புகளை ஆராய்ந்து 1994இல் முடித்தார். பொறியாளர்கள் கட்டிய கான்கிரீட் தலைமதகுகளைவிட, விவசாயிகள் தாங்களே கல்லும் மண்ணும் வைத்து நடத்திய வாய்க்கால்களில் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டிய ஆய்வுகளில் அதுவும் ஒன்று. கடைமடை என்ற சொல்லின் வலி தெரிந்த நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1992இல் ஷ்லாகரும் எலினோரும் சேர்ந்து எழுதிய கட்டுரை சொத்துரிமையை ஐந்தாகப் பிரித்தது. உள்ளே போகும் உரிமை, எடுத்துக்கொள்ளும் உரிமை, நிர்வகிக்கும் உரிமை, பிறரைத் தடுக்கும் உரிமை, விற்கும் உரிமை. காடு, கடல், ஏரி பற்றி யார் எழுதினாலும் இன்றைக்கும் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. மாணவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. அப்போது அவர் பட்டம் வாங்கி இரண்டே வருடம். இதைத்தான் உங்கள் பட்டியல்களில் தேடச் சொல்கிறேன். ஆசிரியர் சாதனை ஒரு பக்கம், மாணவர் சாதனை இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக இருக்கிறதா, இரண்டு பக்கத்திலும் ஒரே கட்டுரை வருகிறதா? வருகிறது என்றால் மாணவர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது? அந்த மாணவர் பிறகு தன் பெயரில் தனியாக எழுதினாரா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அது மாணவரை வளர்க்கும் துறை. வெறுமனே ஆசிரியரின் தரவுகளைத் திரட்டிக் கொடுத்துவிட்டுப் பெயர் கடைசியில் வந்து, அதோடு நின்றுபோன மாணவர்கள் பலர் இருந்தால் யோசிக்க வேண்டும்.

இலங்கைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு, இதைப் படிக்கும் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1990இல் எலினோர் வெளியிட்ட நூலில் தோல்விகளுக்கென்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் தெற்கு இலங்கையின் மாவெல்ல மீன்பிடி ஊரும், கிரிந்தி ஓயா பாசனமும் வருகின்றன. கூடவே கல்லோயா பாசனத் திட்டமும் வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தினரும் கொழும்பு விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தினரும் அங்கே இளைஞர்களை விவசாயிகளோடு தங்க வைத்து அமைப்புகளை உருவாக்கியதால் நிலைமை மாறியதை அவர் எழுதுகிறார். பொதுவளத்தை நீண்ட காலம் காத்த அமைப்புகளில் பொதுவாக இருப்பவை என்று அந்த நூலில் அவர் எட்டு நெறிகளைச் சொல்கிறார். தோற்றதையும் சேர்த்து எழுதியதால்தான் அவற்றுக்கு மதிப்பு வந்தது என்பது என் கருத்து.

இதுவரை சொன்னதில் வருடங்கள், யார் யாரோடு எழுதினார்கள், எந்த ஊரில் என்ன பார்த்தார்கள் என்பவை உறுதியானவை. சந்தேகத்துக்கு இடமானது எது என்றும் சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் 'துறை' செய்தது என்று சொல்ல முடியுமா? தற்காலிகமாக வந்தவருக்கு நிரந்தர இடம் கொடுத்தது, அவர்கள் விருப்பப்படி ஒரு மையம் நடத்த விட்டது, துறைத்தலைவராக்கியது, இவை துறையும் பல்கலைக்கழகமும் செய்தவை. ஆனால் உந்துதல் அந்த இரண்டு பேரிடமிருந்து வந்தது. அவர்கள் வேறு ஊரில் இருந்திருந்தாலும் இதே போல நடந்திருக்குமா என்றால் யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த மையம் இன்றைக்கும் அவர்கள் பெயரோடு இயங்குகிறது, நோபல் பணத்தில் தன் பங்கை எலினோர் அதற்கே கொடுத்தார். ஆனால் அது பல துறைகளுக்கும் பொதுவான மையம். அதனால் அரசியல் அறிவியல் துறையில் சேர்ந்தால் தானாகவே அதற்குள் போய்விடுவீர்கள் என்று நினைக்க வேண்டாம். பொதுவளம், சுற்றுச்சூழல் ஆட்சிமுறை இவற்றில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அந்த மையம் பெரிய காரணம். நீங்கள் தேர்தல் நடத்தையோ சர்வதேச உறவுகளோ செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த நோபலுக்கும் உங்களுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

பெருமையை யார் சொந்தம் கொண்டாடுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஹெர்பர்ட் சைமன் 1943இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1978இல் பொருளாதார நோபல் வாங்கியவர், ஆனால் வாழ்நாள் வேலையின் பெரும்பகுதியைப் பிட்ஸ்பர்கில், இன்றைய கார்னெகி மெலனில் செய்தார். ரால்ஃப் பஞ்ச் 1934இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கினார், அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் முனைவரான முதல் கறுப்பினத்தவர் அவர். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையையே கட்டி எழுப்பினார், 1950இல் அமைதிக்கான நோபல் வாங்கியது ஐ.நா. பணிக்காக. இவர்களை எத்தனை துறைகள் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்ளலாம்! அதே சிகாகோவில் கேப்ரியல் ஆல்மண்ட் நியூயார்க் செல்வந்தர்களைப் பற்றி ஆய்வேடு எழுதி 1938இல் பட்டம் பெற்றார். அதில் ராக்ஃபெல்லர் போன்ற கொடையாளர்களுக்குப் பிடிக்காத விஷயங்கள் இருந்ததால் துறைத்தலைவர் சார்லஸ் மெரியம் அதை அச்சுக்குப் பரிந்துரைக்கவில்லை. 1998இல்தான் புத்தகமாக வந்தது. மெரியமின் துறைதான் அன்று நாட்டிலேயே சிறந்தது, அதன் சாதனைப் பட்டியலில் அந்த ஆய்வேடு அறுபது வருடம் இல்லை. இன்று அரசியல் அறிவியல் சங்கம் ஒப்பீட்டு அரசியலில் சிறந்த ஆய்வேட்டுக்குத் தரும் விருது அதே ஆல்மண்ட் பெயரில்தான் இருக்கிறது.

இனி உங்கள் கையில் இருக்கும் பட்டியல்களுக்கு வருவோம். ஆசிரியர் பக்கத்தில் வாழ்நாள் சாதனை விருதுகளைக் கடந்துபோங்கள், அவர்கள் ஓய்வுக்கு அருகில் இருப்பவர்கள். கடந்த நான்கைந்து வருடத்தில் முதல் புத்தகம் போட்டவர்கள், நிரந்தரப் பதவி கிடைத்தவர்கள், ஆய்வு மானியம் வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள், உங்களுக்கு நெறியாளராக வரக்கூடியவர்கள் அவர்கள்தான். ஒரு பெரிய ஜர்னலின் ஆசிரியர் குழு அந்தத் துறையில் இருந்தால் நல்லது, மாணவர்கள் அங்கே உதவியாளர்களாக இருந்து கட்டுரைகள் எப்படித் தேறுகின்றன, எப்படி விழுகின்றன என்று பார்க்கலாம். மாணவர்களை வழிநடத்தியதற்காக யாருக்காவது விருது கிடைத்திருந்தால் அதைச் சின்னதாக எண்ணாதீர்கள், பல இடங்களில் மாணவர்களே அவர்களைப் பரிந்துரைக்கிறார்கள்.

மாணவர் பக்கத்தில் எல்லா வரியும் ஒரே எடை இல்லை. மாநாட்டில் கட்டுரை வாசித்தது என்பது தொடக்கம் மட்டும்தான், சிகாகோவில் ஏப்ரலில் நடக்கும் மத்திய மேற்கு அரசியல் அறிவியல் சங்க மாநாட்டில் ஆயிரக்கணக்கானோர் வாசிக்கிறார்கள். பாடம் நடத்தியதற்கான துறை விருது துறைக்குள்ளேயே பகிரப்படுவது. முன்னணி ஜர்னலில் மாணவர் தனியாகவோ சக மாணவரோடு சேர்ந்தோ கட்டுரை போட்டிருந்தால் அது பெரிய விஷயம், அங்கெல்லாம் பத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. சங்கத்தின் ஆய்வேட்டு விருது அதைவிடப் பெரியது.

உங்களுக்கு முக்கியமான இன்னொன்று, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மாணவர் சாதனைகளில் ஒரு நல்ல பங்கு உங்களுக்குத் திறக்காத கதவு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் முதுநிலை ஆய்வு உதவித்தொகை, போரன் உதவித்தொகை, அமெரிக்க மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஃபுல்பிரைட், அயல்மொழி படிக்க அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை, இவற்றுக்கு அமெரிக்கக் குடிமக்களோ, சிலவற்றில் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களோ மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்களால் முடியாது. அதனால் பட்டியலில் இவற்றை நீக்கிவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு மாணவர்கள் களப்பணிக்கு எந்தப் பணத்தில் போனார்கள்? பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலா? அந்தப் பதில் உங்களுக்கு விருதுப் பட்டியலைவிட உபயோகமானது. அதோடு 2025இல் அமெரிக்க அரசின் ஆய்வு மானியங்கள் பல நடுவழியிலேயே ரத்தாகின, அதனால் ஒரு ஆசிரியரின் மானியத்தை மட்டும் நம்பி வரும் உதவித்தொகையா, துறையே தருவதா, எத்தனை வருடத்துக்கு எழுத்தில் உறுதி உண்டு என்பதையும் கேளுங்கள்.

இரண்டு துறையின் முதுநிலைப் படிப்பு இயக்குநருக்கும் ஒரே மின்னஞ்சலை எழுதலாம். பத்து வருடத்துக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். வேலை கிடைத்தவர்களின் பெயர்களை மட்டும் அனுப்பினால் நடுவில் நின்றவர்களின் எண்ணிக்கையைத் திரும்பவும் கேளுங்கள், தவறில்லை, நல்ல துறை சொல்லிவிடும். அப்புறம் நான்காவது ஐந்தாவது வருடத்தில் இருக்கும் மாணவர்கள் இரண்டு பேரோடு தனியாகப் பேசுங்கள், அதில் ஒருவராவது வெளிநாட்டவராக இருக்கட்டும். நெறியாளர் வரைவைப் படித்துத் திருப்பித் தர எவ்வளவு நாள் எடுக்கிறார், கோடைக்காலத்துக்குச் சம்பளம் உண்டா, வகுப்புக்காக எழுதிய கட்டுரை எதுவாவது ஜர்னல் வரை போனதா என்பவைதான் அவர்களிடம் கேட்க வேண்டியவை. நிதியுதவியோடு வந்த சேர்க்கைக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் கேட்டு நெருக்கக் கூடாது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கையெழுத்திட்ட தீர்மானம் ஒன்று இருக்கிறது, உங்கள் இரண்டு இடமும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, அந்தத் தேதி வரை கிடைக்கும் நாட்களை இந்தக் கேள்விகளுக்குப் பயன்படுத்துங்கள். பதில்கள் வந்த பிறகு இங்கேயே போடுங்கள், உங்கள் ஆய்வுத் தலைப்பையும் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் வைத்து இன்னும் குறிப்பாக எழுதுகிறேன்.